நாடகத்துக்குப் பாயிரமாக நின்றவர்

நம் இலக்கிய வட்டத்துக் கூட்டங்களில் வரவேற்புரை நீண்டுவிடுகிறது என்பது பத்தாண்டுகளாக அன்பர்கள் சிலர் சொல்லிவரும் குறை. அக்குறையில் எனக்கும் பங்குண்டு. பலமுறை வரவேற்புரை ஆற்றியவன் நானே. ஆயினும், நிகழ்ச்சிக்கு முன்னால் ஒருவர் எழுந்து நின்று, வந்திருப்போர் யாவர், பேசப்படுவது எது, அதை எந்த மனநிலையோடு கேட்டல் நலம் என்று எடுத்துரைப்பதைத் தமிழர் வெற்றுச் சடங்காகக் கருதியதில்லை. பாயிரம் இல்லாதது எத்துணை விரிந்ததாயினும் நூலெனப்படாது என்று வரையறுத்தவர் நன்னூலார். சிலம்புக்குப் பதிகம் உண்டு. கம்பருக்கு அவையடக்கம் உண்டு. தெருக்கூத்துக்குக் கட்டியங்காரன் உண்டு. நூலுக்குப் பாயிரம் என்பது நாம் நன்கறிந்த செய்தி. நாடகத்துக்குப் பாயிரமாகவே சிலகாலம் மேடையில் நின்ற ஒரு புலவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தேன். அவர் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் தோன்றியது தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில். நாள் 1867 செப்டம்பர் 7. தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். இளமைக் கல்வி அவரிடமே நிகழ்ந்தது. பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளை அடைந்து யாப்பும் வண்ணமும் சந்தமும் பயின்றார். அங்கே அவரோடு உடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர் என்பதைக் கொங்கு நாட்டவராகிய நாம் மறத்தல் ஆகாது. அக்கவிராயரிடம் பாடம் கேட்டவரே பூளவாடியில் 1899இல் பிறந்து, பின்னாளில் திரைப்பாட்டுலகில் தனியிடம் பெற்ற உடுமலை நாராயணகவி. ஆக, பழனி மலையடியில் ஒரே திண்ணையில் தொடங்கிய கல்வி ஒருபுறம் தென்பாண்டி நாடக மேடைக்கும், மறுபுறம் நம் உடுமலை வழியாகத் திரைக்கும் சென்று சேர்ந்தது.

படிப்பு முடிந்தபின் வயிற்றுப்பாட்டுக்காகத் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை. சந்தம் பழகிய கை, உப்பு மூட்டைகளை எண்ணிக் கொண்டிருந்தது. அப்பணியில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. தம் 24ஆம் வயதில், 1891இல், நாடகத்துறையில் புகுந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுணவிலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் கூடி, மேலைநாட்டு முறையில் அங்கம், காட்சி வகுத்து, பெரிதும் உரைநடையில் நடித்த சபை அது. அடுத்த சில ஆண்டுகளில், 1897இல், பரிதிமாற் கலைஞர் நாடகத்துக்கு இலக்கணம் வகுத்து நாடகவியல் இயற்றினார். ஒரே காலத்தில் நகரத்துக் கற்றோர் ஒரு வழியிலும், ஊர் ஊராய்ச் சுற்றிய தொழில்முறைக் கூத்தர் வேறு வழியிலும் தமிழ் நாடகத்தை நடத்திச் சென்றனர். சுவாமிகள் இரண்டாம் வழியைச் சேர்ந்தவர்.

அன்றைய தொழில்முறை நாடகம் எந்நிலையில் இருந்தது என்பதைச் சற்றே நினைவில் கொள்ள வேண்டும். கதை அனைவரும் அறிந்த புராணக் கதை. ஆனால் நிலைத்த பாடம் இல்லை. நடிகர் தமக்குத் தெரிந்த பாட்டைப் பாடுவர். வாய்க்கு வந்த வசனத்தைப் பேசுவர். கற்றறிந்தார் அதனைக் கூத்தாட்டு என்று ஒதுக்கினர். அத்தகைய மேடையில்தான், தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கேட்ட ஓர் இளைஞர் அரிதாரம் பூசி ஏறினார்.

அவர் ஏற்றவை பெரும்பாலும் அஞ்சத்தக்க வேடங்கள்: இரணியன், இராவணன், கடோற்கசன், எமதருமன், சனீசுவரன். வாட்டசாட்டமான உடலும் கனத்த குரலும் அவ்வேடங்களுக்குப் பொருந்தின. நாடக உலகில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். உடல் முழுதும் கரிய பூச்சு. துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி அரையிருளில் அவரைக் கண்டாள். அலறி வீழ்ந்து உயிர் நீத்தாள். மற்றொருமுறை, சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்து பாசக்கயிற்றை வீசி ஆர்ப்பரித்தபோது, கூட்டத்திலிருந்த கருவுற்ற பெண் ஒருத்தி அதிர்ச்சியால் கருவிழந்தாள் என்பர். இந்நிகழ்ச்சிகளுக்குப் பிறகு அவர் அத்தகைய வேடங்களைத் துறந்தார் என்று கூறப்படுகிறது.

நடிப்பின் பெருமைக்குச் சான்றாகவே இச்செய்தியை மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனக்கோ இதில் பெருமை தோன்றுவதில்லை, துயரமே தோன்றுகிறது. வேடத்தை வேடமென்று அப்பெண்ணுக்கு எவரும் முன்னதாகச் சொல்லவில்லை. அவள் நாடகம் பார்க்க வந்தவளும் அல்லள். கூத்துக்கும் உலகுக்கும் இடையே ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலில் நின்று இது கூத்து என்று அறிவிப்பவன் இல்லாத இடத்தில் அவள் சனீசுவரனை எதிர்கொண்டாள்.

இதனை அடுத்து அவர் வாழ்வில் நிகழ்ந்தது கருதத்தக்கது. தொடக்கத்தில் இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோர் சபைகளில் இருந்தவர், பின்பு சாமி நாயுடு என்பாரின் நாடக சபையில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவர் மேடையில் ஏற்றது சூத்திரதாரன் பொறுப்பு. கதைக்குள் ஒருவனாக வந்து அச்சுறுத்திய மனிதர், கதைக்கு வெளியே நின்று கதையை அறிமுகம் செய்பவராக மாறினார். இவ்விரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டென்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. தொடர்பு கற்பிப்பது என் துணிவே. ஆனால் கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் இத்துணிவு மன்னிக்கப்படும் என்று நம்புகிறேன்.

சூத்திரதாரனின் பணி யாது? வடமொழி நாடகத்தில் நாந்தி முடிந்ததும் அவன் தோன்றி, நாடகத்தின் பெயரையும் புலவனின் பெயரையும் கூறி, நடியோடு உரையாடியபடியே அவையைக் கதைக்குள் அழைத்துச் செல்வான். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இன்னும் உரிமை உடையவன். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து அரசன் பாடிக்கொண்டு வந்தால், நீ யார், எந்த நாட்டான், இங்கு ஏன் வந்தாய் என்றெல்லாம் அவனையே விசாரிப்பான். அரசனும் விடை சொல்லியாக வேண்டும். அவையோரின் சார்பில் கேட்பவன் அவன். அவையோரின் மொழியில் நகைப்பவனும் அவனே.

இதே பணியைப் பண்டைக் கிரேக்கரின் நகை நாடகத்திலும் காண்கிறோம். பாடற்குழு மேடைக்கு வருமுன் நிகழும் பகுதி அனைத்தையும் பாயிரம் என்றார் அரிஸ்டாட்டில். கி.மு. 422இல் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் குளவிகள் என்னும் நாடகம், தூக்கக் கலக்கத்தோடு வீட்டைக் காவல் காக்கும் இரண்டு அடிமைகளின் வேடிக்கைப் பேச்சோடு தொடங்குகிறது. சிறிது நேரம் சிரிக்க வைத்தபின், அவர்களில் ஒருவன் நேரே அவையோரை நோக்கித் திரும்பி, தன் எசமானனுக்குப் பிடித்திருக்கும் நீதிமன்றப் பைத்தியத்தைப் பற்றி விளக்குகிறான். முதலில் நகை, பிறகு செய்தி. நம் கட்டியங்காரன் கையாளும் முறையும் இதுவே. கிரேக்கத்திலிருந்து வந்தது என்றோ இங்கிருந்து சென்றது என்றோ நான் வழக்காட வரவில்லை. திறந்த வெளியில் பெருங்கூட்டத்தின் முன் ஆடுகின்றவர் எந்நாட்டவராயினும், அவர்களுக்கு ஒரே இடர்ப்பாடு நேர்ந்தது. ஒரே வழியைக் கண்டனர். உரோமாபுரியில் டெரன்சு என்னும் புலவரின் மாமியார் பற்றிய நாடகம், முதன்முறை கயிற்றின்மேல் நடக்கும் வித்தை காட்டுவதாகக் கேள்வியுற்ற கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் பாதியில் நின்றது. பிற்பாடு மேடையேறிய பாயிரம், இம்முறையேனும் அமைதியாகக் கேளுங்கள் என்று மன்றாடும் விண்ணப்பமாகவே அமைந்தது. திருவிழாக் கூட்டத்தில் கவிதை படித்த அனுபவம் உள்ள நம் அன்பர்களுக்கு இது புதிதன்று.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சேக்சுபியரின் நடுவேனிற் கனவு நாடகத்தில், நெசவாளர் ஒருவரும் தச்சர் முதலிய தொழிலாளர் சிலரும் அரசவையில் கூத்தாட முனைகின்றனர். மேடையில் சிங்கம் வந்தால் பெண்டிர் அஞ்சுவரே என்று கவலைப்பட்டு, சிங்கம் சிங்கமன்று, நம்மூர்த் தச்சரே என்று அறிவிக்க ஏற்பாடு செய்கின்றனர். உலகம் அவர்களின் பேதைமையைக் கண்டு நானூறு ஆண்டுகளாகச் சிரித்துவருகிறது. சனீசுவர வேடத்தின் கதையை அறிந்தபின் அந்த நெசவாளரைப் பார்த்து என்னால் முழுமனத்தோடு சிரிக்க இயலவில்லை. சுவாமிகள் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் ஆகியவற்றைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். இந்நாடகத்தையும் அவர் அறிந்திருந்தால் எப்படி வாங்கிக்கொண்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

சாமி நாயுடு சபையிலிருந்து அவர் திடுமென விலகினார். தலங்கள்தோறும் யாத்திரை. இல்வாழ்வை மேற்கொள்ளாத அவரைச் சுவாமிகள் என்று மக்கள் அழைக்கத் தொடங்கியது இக்காலத்திலேதான். யாத்திரையினிடையே புதுக்கோட்டையை அடைந்தபோது, கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்திய மாமேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகன்போல் ஏற்றுக்கொண்டார். பழனியில் எழுத்தாகக் கற்ற சந்தம், புதுக்கோட்டையில் தாளமாக அவர் உடலில் ஏறியது. பிற்காலத்தில் அவர் நாடகப் பாடல்களில் வண்ணமும் திருப்புகழ்ச் சந்தமும் வெள்ளமெனப் பெருகியதற்கு ஊற்று இவ்விரண்டிடங்களும் ஆம்.

மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது அவர் முழுமையான ஆசிரியர். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் முதலியோர் சபைகளில் பணியாற்றினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், சதி சுலோசனா என்று எழுதிக் குவித்தார். நாற்பது நாடகங்கள் வரை இயற்றினார் என்பர். இன்று கிடைப்பன ஏறத்தாழப் பதினெட்டே. குறளையும் நாலடியையும் பாமர மக்கள் கேட்கும் வசனத்தில் இழைத்து வைத்தார். எழுத்தறியாத கூட்டம் விடிய விடிய அமர்ந்து வெண்பாவும் விருத்தமும் கேட்டுச் சுவைத்த காலம் ஒன்று இருந்ததெனில், அதற்குப் பெருங்காரணர் அவரே.

வள்ளி திருமணத்தை நம் பகுதியினர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மருதமலை அடிவாரத்து ஊர்களில் வள்ளி கும்மி கேளாத செவி உண்டோ? அக்கும்மிக்கு வாழ்நாளெல்லாம் உழைத்த நம் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அக்கதையில் நாரதரின் இடத்தைச் சற்றே நோக்குக. தினைப்புனத்தில் பரண்மீது நிற்கும் குறமகளையும், குன்றத்து முருகனையும் இணைக்கத் தூண்டுபவர் அவர். வள்ளியோடு வழக்காடுவார், முருகனிடம் சென்று அவளைப் புகழ்வார், இடையே நம்மையும் நகைக்க வைப்பார். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருங்கே நிற்கும் பாத்திரம் அது. கிரேக்கப் புலவர் மெனாண்டர் கி.மு. 316இல் பரிசு பெற்ற முசுடன் என்னும் நாடகத்தில், ஆயர் கடவுளாகிய பான் தன் குகைக் கோயிலிலிருந்து வெளிப்பட்டுப் பாயிரம் உரைக்கிறான். கற்கள் நிறைந்த மேட்டு நிலத்தை உழுது பிழைக்கும் சிடுமூஞ்சிக் கிழவனின் மகள் நல்லவள். நகரத்துச் செல்வ இளைஞன் அவள்மேல் காதல் கொள்ளுமாறு செய்தவன் நானே என்று அறிவித்துவிட்டு மறைகிறான். ஏறத்தாழ முழுமையாக இந்நாடகம் எகிப்து நாட்டு நாணல் தாளிலிருந்து 1958இல்தான் அச்சேறியது. சுவாமிகள் இதைப் படித்திருக்க வழியில்லை. ஆயினும் மேட்டுக்காட்டுப் பெண், அவளைக் காக்கும் சினத்த உறவினர், மேலிருந்து வரும் காதலன், முன்னதாகவே எல்லாம் சொல்லிவிடும் தெய்வத் தூதன் என்று இரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! முடிவு முன்பே தெரிந்துவிட்டால் சுவை குன்றும் என்பது புதுமைப் புனைகதையின் கவலை. முடிவை அறிந்தவனே இடைவழியின் அழகைப் பொறுமையாகப் பார்ப்பான் என்பது இவ்விரு புலவர்களும் நம்பியது.

நடிகர் கட்டுக்கடங்காது பேசிய மேடைக்குப் பாடம் வகுத்தவர் சுவாமிகள். எனினும் பெயர் பெற்ற நடிகர்கள் அப்பாடத்துக்கு முற்றும் பணிந்தாரில்லை. தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகை இன்றி, அன்றிரவே மேடையில் சந்தித்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை வளர்ந்தது. வள்ளியாக நடிப்பவர் ஓரூரிலிருந்து வருவார். முருகனாக நடிப்பவர் வேறூரிலிருந்து வருவார். இருவர் நெஞ்சிலும் சுவாமிகளின் நாடகம் மனப்பாடமாக இருந்தமையால் அது நடைபெற்றது. பாடத்தை மீறுவதற்கே அவர் பாடம் உதவியது என்பது ஒரு வியப்பு.

ஸ்பெஷல் நாடகத்தில் பாயிரம் பபூனுடையது. ஆர்மோனியக்காரரின் தொடக்கப் பாட்டு முடிந்ததும் அவர் தனியே மேடைக்கு வருவார். கதையில் அவருக்குப் பெயரில்லை. அவையோரை வணங்கி, ஊரைப் புகழ்ந்து, நடனப் பெண்ணோடு வாதாடிச் சிரிக்கவைத்து, நள்ளிரவு வரை கூட்டத்தைப் பிடித்து வைத்தபின்பே ராஜபார்ட் தோன்றுவார். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. இப்பகுதியில் ஆபாசம் மிகுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் நெடுங்காலமாக உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அரிஸ்டோபனீசின் அடிமைகள் பேசிய பேச்சை அப்படியே மொழிபெயர்த்தால் இம்மலரில் அச்சிட நம் ஆசிரியர் குழு இசையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பெரிய நடிகர்களோடு ஓயாது மல்லுக்கட்டியதன் விளைவாகவே சுவாமிகள் சிறுவர்பால் திரும்பினார் என எண்ண இடமுண்டு. 1910இல் சமரச சன்மார்க்க சபை என்னும் பெயரில் குழு ஒன்றை அமைத்தார். அவரிடம் பயின்ற சிறுவருள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஒருவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்த உடன்பிறந்தோரே பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர் என விளங்கியோர். அவர்களுள் டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவனைக் கதைத் தலைவனாக்க விரும்பிய சுவாமிகள், அபிமன்யு சுந்தரி நாடகத்தை வசனமும் பாடல்களுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்துப்படி என்று சண்முகம் தம் நூலில் நினைவுகூர்கிறார். இங்கே கவிதை எழுதும் நாம் ஒரு வெண்பாவுக்கு எத்தனை தாள் கிழிக்கிறோம் என்பது அவரவர் அறிந்தது.

சிறுவர்களிடம் அவர் கண்டிப்பானவர். உச்சரிப்புப் பிழை பொறாதவர். அதே வேளையில் தாயினும் பரிந்தவர் என்பதை அவரிடம் பயின்றோர் எழுதியவற்றால் அறிகிறோம். தமக்கென வீடு இல்லை. குழு தங்கிய இடமே வீடு. தம் நாடகங்களை அச்சிட்டுப் பொருளீட்டும் நாட்டமும் இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டு பிறர் வாயில் போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது.

1921இல் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின, நாவும் அடங்கிற்று. சொல்லையே தொழிலாகக் கொண்டவர் சொல்லிழந்து அமர்ந்திருக்க, அவர் சொற்களைச் சிறுவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தனர். அவரைப் பிரிய மனமில்லாத குழு, செல்லுமிடமெல்லாம் உடன் அழைத்துச் சென்றது. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தனர்.

அவருக்குப் பின் தமிழ் நாடகம் விரைந்து மாறியது. 1944இல் நம் ஈரோட்டில் நாடகக் கலை வளர்ச்சிக்கென மாநாடு கூட்டியவர்கள் அவர் வளர்த்த டி.கே.எஸ். சகோதரரே. அவர்கள் நடத்திய சமூக நாடகங்களில் சூத்திரதாரனுக்கு இடமில்லை. திரை மேலெழுந்ததும் ஒரு வீட்டின் கூடம் தெரியும். அங்குள்ளோர் நாம் இல்லாததுபோல் பேசத் தொடங்குவர். திரைப்படம் அதனினும் ஒருபடி மேலே சென்று, அரங்கின் விளக்கையே அணைத்துவிட்டது. இம்மாற்றத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதனால் விளைந்த நன்மைகள் பல. எனினும் எதிரில் அமர்ந்திருப்பவனை முகம் பார்த்து விளித்து, இது கூத்து, உள்ளே வருக என்று அழைக்கும் பண்பாட்டை நாம் எளிதில் கைவிட்டோம் என்றே கருதுகிறேன். நம் புதுக்கவிதைத் தொகுப்புகள் பலவற்றில் முன்னுரையே வேண்டா என்று இளங்கவிஞர் முடிவு செய்வதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கிறேன். அவர்கள் என்னோடு வழக்காட விரும்பினால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருக.

புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளி இன்று சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே கிரேக்க நாடகமும் பாடம், தெருக்கூத்தும் பாடம். கருவடிக்குப்பம் அங்கிருந்து தொலைவில் இல்லை.